பட்டமில்லாதவர்கள் கடல் கடந்தபோது

1

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்பன் பெயரின் முதலெழுத்து, அதற்குப் பின்னால் தன் பெயர், அவ்வளவுதான் என்கிறார்கள். இது பாதி உண்மை. அப்படியானால் பிள்ளை, முதலி, நாயுடு, கவுண்டர், செட்டி, ரெட்டி என்று தலைமுறை தலைமுறையாகப் பெயருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவை என்ன? வெள்ளைக்காரன் குடும்பப் பெயரால் என்ன செய்தானோ, அதை இங்கே சாதிப் பட்டம் செய்தது. சொத்துக்கு வாரிசு யார், யாருக்கு எழுந்து நிற்க வேண்டும், யாரைத் திண்ணையில் உட்கார வைக்கலாம் என்பதையெல்லாம் அந்த வால் சொன்னது. வால் இல்லாதவன் யார் என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குப் பட்டமே இருந்ததில்லை என்று சொல்வதும் சரியாகாது. எங்கள் பக்கத்தில் குடும்பன், காலாடி, பண்ணாடி, மூப்பன் என்ற பெயர்கள் இருந்தன. சொந்தச் சனங்களுக்குள் அவை மரியாதையான பெயர்கள்தாம். தெருவைத் தாண்டினால் அந்த மரியாதை செல்லாது. பண்ணையார் வீட்டு வாசலில் குடும்பனும் ‘ஏலே’தான், மூப்பனும் ‘ஏலே’தான். பழைய கோர்ட்டு, ரெவின்யூ காகிதங்களில் நம்மவர்களுக்கும் ஒரு வால் உண்டு. முனியப் பறையன், மாடப் பள்ளன் என்று சாதியையே வாலாக்கி ஒட்டினார்கள். மற்றவர்களுக்குப் பட்டம் மகுடம். நமக்கு அது மாட்டுக்குப் போடுகிற சூடு.

பனவடலிசத்திரம் எங்கள் ஊர்ப்பக்கம். சங்கரன்கோவில் தாலுகா. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம், அதன் பிறகு தென்காசி மாவட்டம். வடலி என்றால் இளம்பனை. ஊர்ப்பெயரில் பனை இருக்கிறது, வழிப்போக்கர் தங்கும் சத்திரம் இருக்கிறது. இந்த வட்டாரத்துச் சேரிகளில் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிப் பார்த்தால் ஒரு வரலாறு கிடைக்கும். தாத்தா காலத்தில் மாடன், சுடலை, கருப்பன், காளி, மாடத்தி, முப்பிடாதி. அப்பா காலத்தில் கருப்பசாமி, மாரியப்பன், கோமதி, சங்கரன். மிஷன் போன ஊர்களில் தேவசகாயம், ஞானமணி. இப்போது எந்தச் சாதி என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத பெயர்கள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது என் பெயரின் பின்பாதியை ‘இது உனக்கு எதுக்குலே’ என்று ஒரு வாத்தியார் வெட்டிவிட்டார். என் பாட்டி அதற்குச் சொன்னது: ‘பேருல என்னய்யா இருக்கு? கூப்புடுத வாயிலல்லா இருக்கு.’ நம் சமூகத்தின் பெயர் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த வாய் இல்லாத இடத்துக்கு நம் மக்கள் போனபோது என்ன நடந்தது? நான் கேட்க விரும்புவது இதைத்தான்.

2

1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அதுதான். 1911 வரை 384 கப்பல் நடைகளில் 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். மீதிப்பேர் கல்கத்தா வழியாக.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. தழும்பைக் குறித்துக்கொண்டது ஓடிப்போனால் பிடிப்பதற்கு. சாதியைக் குறித்துக்கொண்டது எதற்கு? தோட்டத் துரைக்கு யார் நன்றாக மண் வெட்டுவான் என்று தெரிய வேண்டியிருந்தது. கை மென்மையாக இருந்தால் ஆள் வேண்டாம் என்றார்கள். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. கூலிக்குத் தகுதி இல்லை என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்து மேல்சாதிக்காரர்கள் சிலர் தங்கள் சாதியைக் கீழே இறக்கிச் சொன்னார்கள். ஊரில் மேலே ஏறுவதற்குப் பொய், கப்பலில் கீழே இறங்குவதற்குப் பொய். அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. என்றாலும் சென்னைக் கப்பல்களின் சாதிக் கட்டத்தில் ‘பறையா’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்பது உண்மை. அந்தப் பயணத்தை நம்மைக் கழித்துவிட்டு எழுத முடியாது.

பெயர்க் கட்டத்தில் இருந்ததோ ஒற்றைப் பெயர்கள். குப்பன், முனியன், கருப்பன், மாரி, முனுசாமி, வீரசாமி, பெருமாள், பாப்பாத்தி, லட்சுமி. காது கொடுத்துக் கேட்ட குமாஸ்தா தன் நாக்குக்கு வந்தபடி எழுதினான். தோட்டத்திலும் தெருவிலும் வெள்ளைக்காரர்கள் இவர்கள் எல்லோரையும் ‘சாமி’ என்றே கூப்பிட்டார்கள். தமிழ்ப் பெயர்களில் பாதி ‘சாமி’ என்று முடிந்ததால் வந்த வசவு இது. காந்தி தன் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள், அது தெரியாமல் கூப்பிடுகிறீர்களே என்று சில இந்தியர்கள் திருப்பிக் கேட்டார்களாம். ஊரில் ‘சாமி, சாமி’ என்று கைகட்டிக் கூப்பிட்ட வாய்கள் நம்முடையவை. கடல் கடந்ததும் நம்மையே சாமி என்று ஒருத்தன் கூப்பிட்டான், அதுவும் வசவாகவே வந்து சேர்ந்தது. வரலாறு இப்படியும் சிரிக்கும்.

3

ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்கள் காய்கறி விளைவித்தார்கள், சுரங்கத்துக்கும் ரயில்வேக்கும் போனார்கள், வீடு கட்டினார்கள். 1895இல் வந்த சட்டம் மறுபடி கூலியாகவும் சேராமல், ஊருக்கும் திரும்பாமல் தங்குகிறவன் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. அந்த வரி 1914இல் போராட்டத்தால் ஒழிந்தது. அதில் சிறை சென்று, விடுதலையான கையோடு பதினாறு வயதில் இறந்தவள் தில்லையாடி வள்ளியம்மை.

பிறப்பு, கல்யாணம், நிலம், கடை லைசென்சு எல்லாவற்றுக்கும் காகிதம் வந்தது. ஒவ்வொரு காகிதத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் அந்தக் கட்டத்தை இரண்டு வழிகளில் நிரப்பினார்கள்.

முதல் வழி, அப்பனின் அல்லது பாட்டனின் பெயரையே குடும்பப் பெயராக்குவது. தென்னாப்பிரிக்காவில் இன்றும் மூன்சாமி, பெருமாள், மாரிமுத்து, வீரசாமி என்ற குடும்பப் பெயர்கள் உண்டு. மொரீஷியஸ் தீவிலும் இதே கதை. அங்கே கூப்பன், கர்ப்பன், வீராப்பன் என்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. குப்பன்தான் கூப்பன், கருப்பன்தான் கர்ப்பன். இங்கே ‘குப்பனும் சுப்பனும்’ என்று எவரையும் எண்ணாமல் தள்ளுவதற்குச் சொல்லுகிற பெயர், அங்கே வக்கீல் வீட்டுப் பெயர்ப்பலகையிலும் ஏறக்கூடிய பெயராகிவிட்டது.

இரண்டாவது வழி, பட்டத்தை எடுத்துக்கொள்வது. நாயுடு ‘நைடூ’ ஆனது. பிள்ளை ‘பிள்ளே’ ஆனது. முதலி ‘மூட்லி’ ஆனது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது. படையாட்சியும் நாயக்கரும் செட்டியும் ரெட்டியும் எழுத்துக் கூட்டலில் சிறிது மாறி நிலைத்தன. கோவெண்டர் என்றதும் கொங்குநாட்டை மட்டும் நினைக்க வேண்டாம். வட ஆர்க்காட்டுப் பக்கம் வன்னியர்களுக்கும் கவுண்டர், படையாட்சி, நாயக்கர் என்ற பட்டங்கள் உண்டு. அந்த ஜில்லாவிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்கள் ஏராளம். இப்படி ஒரே பட்டம் பல சாதிகளிலிருந்து வந்து ஒரே எழுத்துக் கூட்டலில் கரைந்துபோனது.

அந்தக் கரைசலில் நம்மவர்களும் கலந்தார்கள். கப்பல் பட்டியலில் பட்டம் இல்லாத ஒற்றைப் பெயரோடு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டத்தோடு இருக்கிறார்கள். ஒரு தலைமுறை முனியன், அடுத்த தலைமுறை பிள்ளை. இதை யாரும் விழா எடுத்துச் செய்யவில்லை. கல்யாணப் பதிவிலோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதோ, ஒருநாள் கட்டம் நிரம்பியது. ஊரிலிருந்து வந்து ‘ஏலே, நீ இன்னாரு மகன்லா’ என்று சொல்ல ஆள் இல்லை.

இன்று இந்தக் குடும்பப் பெயர்கள் எங்கே நிற்கின்றன? தென்னாப்பிரிக்காவின் 2011 கணக்கெடுப்பில் இந்திய, ஆசிய வழியினர் ஏறத்தாழ 12 இலட்சத்து 87 ஆயிரம் பேர், நாட்டு மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு. பெரும்பகுதியினர் டர்பனையும் அதைச் சுற்றியுள்ள குவாசூலு-நேட்டாலையும் சேர்ந்தவர்கள். அவர்களில் நூற்றுக்கு 86 பேர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் வாயிலிருந்து போய்விட்டது. கோவில் திருவிழாவிலும் தீமிதியிலும் காவடியிலும் மிச்சம் இருக்கிறது. ஆனால் நைடூ, கோவெண்டர், பிள்ளே மட்டும் டர்பனில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மொழி செத்த பிறகும் பட்டம் சாகவில்லை. பட்டத்தின் உள்ளே இருந்த சாதிதான் ஏறக்குறைய வெளியேறிவிட்டது. முட்டை போய் ஓடு மட்டும் நிற்பதைப் போல.

4

ஏன் அங்கே இது முடிந்தது, இலங்கையில் ஏன் முடியவில்லை? எங்கள் கரிசல்காட்டுச் சனம் நேட்டாலைவிட அதிகமாகப் போனது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத்தான். தூத்துக்குடி அருகே தட்டப்பாறை முகாமிலும் பிறகு மண்டபம் முகாமிலும் அடைத்துவைத்து, மருந்தடித்து, கப்பலேற்றினார்கள். அங்கே போனது கங்காணி முறையில். கங்காணி தன் ஊரில், தன் சொந்தத்தில், தன் ஊர்ச் சேரியில் ஆள் பிடித்தான். ஊர் அப்படியே பெயர்ந்து தோட்டத்துக்குப் போனது. லயத்து வீடுகள்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. கங்காணி பெரும்பாலும் மேல்சாதி, கூலி பெரும்பாலும் நாம். ராமேஸ்வரம் பக்கம்தானே என்று போக்குவரத்தும் இருந்தது. ஊரின் கண் அங்கேயும் விழித்திருந்தது. 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஏற்றபோது, திரும்பி வந்தவர்கள் பழைய சாதியோடும் புதிய ‘சிலோன்காரன்’ என்ற பெயரோடும் வந்து இறங்கினார்கள்.

நேட்டாலில் ஒப்பந்தம் தனி ஆளோடு. வெவ்வேறு ஜில்லாக்காரர்கள் ஒரே கப்பலில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதுதான் விதி. பெண் கிடைப்பதே அரிதான இடத்தில் சாதி பார்த்து நிற்க எத்தனை பேரால் முடியும்? தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மண்வெட்டி, ஒரே சவுக்கு. தனிக் கிணறு இல்லை, ஊர்க் கூட்டம் இல்லை, கொட்டடிக்கக் கூப்பிடுகிற அதிகாரம் இல்லை. 1950இல் நிறவெறி அரசு எல்லோரையும் ‘இந்தியர்’ என்று ஒரே பெட்டியில் போட்டு, ஒரே பேட்டைக்குத் துரத்தியது. அந்த அரசு தோலைப் பார்த்தது, வாலைப் பார்க்கவில்லை. சாதி என்பது மனத்தில் இருக்கிற எண்ணம் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிலம், கிணறு, தெரு, பெண், ஊர்க்கட்டு ஆகியவற்றின் மேல்தான் சாதி நிற்கிறது. அவற்றை உருவிவிட்டால் பட்டம் வெறும் சத்தமாகிவிடுகிறது.

5

இங்கே ஒரு கேள்வி எழும். பட்டத்தை எடுத்துக்கொண்டது பொய்தானே, திருட்டுதானே, தன் சாதியை மறைத்து ஒளிந்துகொண்டதுதானே என்று. மேல்சாதிக்காரன் இதைக் கேலியாகக் கேட்கிறான். நம்முள்ளேயே சிலர் வருத்தத்தோடு கேட்கிறார்கள்.

கேலிக்குப் பதில் சுருக்கமானது. பட்டம் பிறப்பால் வந்தது என்றால் அது ஒரு கட்டத்தை நிரப்பியதும் எப்படிக் கைமாறியது? யார் போட்டாலும் பொருந்துகிற சட்டைக்குத்தான் இங்கே இத்தனை வெட்டும் குத்துமா? கோவெண்டரும் பிள்ளேயும் டர்பனில் நிரூபித்திருப்பது இதைத்தான்.

நம்மவர்களின் வருத்தத்துக்குப் பதில் அவ்வளவு எளிதல்ல. 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்து நடத்தினார் இரட்டைமலை சீனிவாசன். எதைச் சொல்லி இழிவுசெய்கிறாயோ அதையே தலைப்பாக எழுதுகிறேன், வந்து படி என்ற துணிவு அது. அதே மனிதர் பிறகு தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். தன் சாதியின் பெயரை இங்கே கொடியாகப் பிடித்தவர், அந்தப் பெயரைச் சனங்கள் சத்தமில்லாமல் கழற்றிப்போட்ட நாட்டில் வாழ்ந்துவிட்டு வந்தார். திரும்பி வந்து சட்டமன்றத்திலும் வட்டமேசையிலும் உரிமை கேட்டார். அயோத்திதாசரோ பூர்வ பௌத்தர் என்றார், சாதிபேதமற்றவர் என்று கணக்கெடுப்பில் எழுதச் சொன்னார். எம்.சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயருக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் பெயருக்காக நடந்த நீண்ட போராட்டம் 2021இல் ஏழு பிரிவுகளைத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்று அழைக்கும் சட்டத்தில் வந்து நின்றது. பெயரை ஏந்துவது, பெயரை மாற்றுவது, பெயரைக் கழற்றுவது எல்லாமே நம் அரசியலாக இருந்திருக்கின்றன.

புதுச்சேரியில் நான்காவதாக ஒரு வழியும் இருந்தது. 1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தன் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறவன், தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளலாம். செருப்புப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனதற்காக வழக்காடிப் பாரீஸ் வரை சென்று ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை தன் பட்டத்தை உதறி ‘லாபோர்த்’ என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியாக ஒடுக்கப்பட்டவர்களும் கிறித்தவர்களும் நிறையப் பேர் போனார்கள். சைகோன்வரை உத்தியோகம் பார்த்தார்கள். சாதி இந்துக்கள் சும்மா இருக்கவில்லை. சண்முக முதலியார் தலைமையில் எதிர்த்தார்கள். 1884இல் ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்தன. 1899இல் துறந்தவர்களுக்கான தனிப்பட்டியல் ஒழிக்கப்பட்டது. பெயரைக் கொடுத்தார்கள், அதிகாரம் என்றதும் கையை மடக்கிக்கொண்டார்கள்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு உலகில் இன்னொரு சாட்சி ஜப்பான். அங்கே சாதாரணக் குடிமக்களுக்குக் குடும்பப் பெயரை வெளிப்படையாகப் பயன்படுத்தும் உரிமை 1870இல்தான் வந்தது. 1875இல் எல்லோருக்கும் அது கட்டாயமாயிற்று. தோல் வேலை, பிணம் தூக்கும் வேலை என்று ஒதுக்கப்பட்டிருந்த புராக்குமின் மக்களும் 1871 ஆணையால் சட்டப்படி சமமானார்கள், மற்றவர்களைப் போலவே குடும்பப் பெயர் பெற்றார்கள். தோலில் வேறுபாடு இல்லை, பெயரிலும் இல்லை. ஆனால் 1872இல் எடுத்த குடும்பப் பதிவேட்டில் ஊர் இருந்தது. அவர்களைப் ‘புதுக் குடிமக்கள்’ என்று குறித்து வைத்த இடங்களும் இருந்தன. நூறு ஆண்டு கழித்து, 1975இல், புராக்கு ஊர்களின் பெயர்களைத் தொகுத்து இரகசியமாகக் கம்பெனிகளுக்கு விற்ற புத்தகம் பிடிபட்டது. வேலைக்கு மனுப்போட்டவனின் பூர்வீக ஊரைப் பார்த்து ஒதுக்குவதற்காக வாங்கினார்கள். பெயரால் பிடிக்க முடியாதவனை ஊரால் பிடித்தார்கள்.

நமக்கு இது புதிதா? ‘தம்பிக்கு எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? கோவிலுக்கு மேக்கயா கிழக்கயா?’ மூன்று கேள்வியில் முடிந்துவிடும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் துறப்பதற்குப் பட்டம் வைத்திருந்தவனுக்குத்தான் அந்தப் பெருமை. பட்டம் இல்லாதவனுக்கு ஊரும் தெருவும் ‘காலனி’யும் வாலாக நின்றன. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில்தான் தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். சொல் போகட்டும். கோவிலுக்குக் கிழக்கே இருக்கிற தெரு எங்கே போகும்?

அம்பேத்கர் 1936 மே மாதம் பம்பாயில் மகர்களிடம் பேசும்போது இதைத் தொட்டார். சொக்கமேளா என்றும் வேறு என்னவென்றும் பெயரை மாற்றிப் பார்த்தாயிற்று, மதத்தை விடாமல் பெயரை மட்டும் மாற்றினால் இழிவு பின்னாலேயே வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். நேட்டால் இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். அங்கே மதத்தை விடாமலே இழிவு ஏறக்குறைய கழன்றது. ஆனால் அங்கே அவர்கள் விட்டது ஊரை. திரும்ப வராமல், முழுதாக, ஓர் ஆயிரம் காதத்துக்கு அப்பால் விட்டார்கள். ஊருக்குள் இருந்துகொண்டே ஊரை விடுவது எப்படி என்பதுதான் அம்பேத்கரின் கேள்வி. நமக்கும் அதுதான்.

6

கட்டம் இப்போது நம் வாசலுக்கு வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பையன்கள் வளைகுடா நாடுகளுக்குக் கொத்தனார், டிரைவர், கம்பி கட்டும் வேலை என்று போகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. ஊரெல்லாம் ஏஜெண்டு ஆபீசில் நின்று ‘சர்நேம் என்ன போட?’ என்று கேட்டார்கள். சிலர் அப்பன் பெயரைப் போட்டார்கள். கருப்பசாமி, சுடலைமாடன் எல்லாம் குடும்பப் பெயராகி விமானம் ஏறின. 1860இல் டர்பன் குமாஸ்தாவின் மேசையில் நடந்தது, திரும்ப நடக்கிறது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பன் பெயரைப் போடுங்கள். தாயின் பெயரைப் போட்டாலும் சரிதான். மாடனும் மாடத்தியும் முனியனும் குடும்பப் பெயராகட்டும். மொரீஷியஸில் கர்ப்பன் தலைநிமிர்ந்து நிற்கும்போது துபாயில் கருப்பன் நிற்கக் கூடாதா? பட்டத்தை எடுத்துக்கொண்ட நேட்டால் பாட்டன்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கையில் கிடைத்த கதவைத் திறந்தார்கள். நமக்கு வேறு கதவு இருக்கிறது.

இரண்டாவதாக ஒரு வேலை. டர்பன் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. இங்கே வேர் தேடி வருகிற கோவெண்டர்களும் பிள்ளேக்களும் அதன் நகலோடு வருகிறார்கள். சாதிக் கட்டத்தைப் பார்த்ததும் சிலர் முகம் மாறுகிறது, சிலர் அதை மடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதை மடிக்க விடக் கூடாது. அந்தப் பட்டியல்களை ஜில்லா வாரியாக, கிராமம் வாரியாகத் தமிழில் கொண்டுவர வேண்டும். எந்தச் சேரியிலிருந்து எத்தனை பேர், எந்த ஆண்டு, என்ன பெயரோடு போனார்கள் என்று நம் கையால் எழுதப்பட வேண்டும். மாணவர்கள் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். பண்ணையார் வம்சங்களுக்குச் செப்பேடும் கல்வெட்டும் இருக்கின்றன. நம் முன்னோர் பெயர், அப்பன் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதி வைத்த காகிதங்கள் மிகக் கொஞ்சம். அவற்றில் ஒன்று கூலிக்காக ஏறிய கப்பலின் பட்டியல். அதில் நம் உடம்பின் தழும்புகூடப் பதிவாகியிருக்கிறது.